கடலில் படித்த கம்ப்யூட்டர்!

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் எட்டு மீனவ ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை.

சுறா பிடிப்பதில் இந்த ஊர்க்காரர்கள் பெயர் பெற்றவர்கள். ஒரு தடவை படகு ஏறினால் பல நாள், சில சமயம் பல வாரம் கழித்துத்தான் கரை திரும்புவார்கள். இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் தியகோ கார்சியா தீவுப் பக்கம் வரை போய், அங்கே பிடிபட்டவர்களும் உண்டு.

நடுக்கடலில் மைல்கல் கிடையாது. வழி கேட்க ஆள் கிடையாது. நாலு பக்கமும் தண்ணீர்.

ஆனாலும், மீன் கிடைத்த இடத்துக்கே மறுபடியும் போகிறார்கள். புறப்பட்ட துறைக்கே திரும்பி வருகிறார்கள்.

எப்படி?

படகு ஓட்டுபவரின் கண் முன்னால் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. டிபன் பாத்திரம் அளவுதான் இருக்கும். அதில் ஒரு திரை. சில பொத்தான்கள்.

அதன் பெயர் ஜி.பி.எஸ்.

அது ஒரு கம்ப்யூட்டர். அதைக் கையாளுகிறவர், கம்ப்யூட்டர் வகுப்பின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். ஆனால் அவர் ஒரு கம்ப்யூட்டர் நிபுணர்!

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

"அது வெறும் திசை காட்டும் கருவிதானே, கம்ப்யூட்டர் என்று எப்படிச் சொல்லலாம்?" என்று சிலர் கேட்கக்கூடும்.

தலைக்கு மேலே, சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில், அமெரிக்கா பறக்கவிட்ட செயற்கைக் கோள்கள் சுற்றிக்கொண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும், "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

படகில் இருக்கும் பெட்டி அதைக் கேட்கிறது. செய்தி புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கிறது. அதிலிருந்து தூரத்தைக் கணக்குப் போடுகிறது.

குறைந்தது நாலு கோள்களின் செய்தி வேண்டும். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று. பெட்டியின் கடிகாரத்தில் இருக்கும் பிழையைத் திருத்த இன்னும் ஒன்று. ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறு போட்டு, அதில் ஒரே ஒரு கூறு தவறினாலும், படகு 300 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்கு வந்துவிடும்!

இவ்வளவு கணக்கையும் நொடிக்கு நொடி போடுகிறது அந்தப் பெட்டி. இது கம்ப்யூட்டர் இல்லை என்றால், வேறு எது கம்ப்யூட்டர்?

அதற்கு முன்னால் கணியம்

இந்தப் பெட்டி வருவதற்கு முன்பும் மீனவர்கள் கடலுக்குப் போனார்கள். கட்டுமரத்தில் போனார்கள்.

அப்போது அவர்கள் இடத்தைக் கண்டுபிடித்த முறைக்குக் "கணியம்" என்று பெயர். திருவனந்தபுரம் பக்கம் "கணிச்சம்" என்பார்கள்.

கடலில் நின்றபடி கரையைப் பார்க்க வேண்டும். கரையில் ஒரு தேவாலயக் கோபுரம் தெரிகிறது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு மலை உச்சி தெரிகிறது. கோபுரமும் உச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் வந்தால், அது ஒரு கணக்கு.

பிறகு வேறு பக்கம் திரும்ப வேண்டும். அங்கே வேறு இரண்டு அடையாளம். ஒரு கலங்கரை விளக்கமும் ஒரு குன்றும் என்று வைத்துக்கொள்ளலாம். அவையும் நேர்க்கோட்டில் வந்தால், அது இரண்டாவது கணக்கு.

இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மரம் நிற்கிறது. அதற்கு நேர் கீழே "பார்". பார் என்றால் கடலடிப் பாறை. மீன் கூடும் இடம். குறி தப்பினால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

கணினி என்ற புதுச் சொல்லும் கணியம் என்ற பழஞ்சொல்லும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல ஒலிக்கின்றன. உறவு உண்டா இல்லையா என்பதைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டும் செய்கிற வேலை ஒன்றே.

ஆனால் கணியத்துக்கு ஒரு குறை உண்டு. கரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். மலை மறைந்துவிட்டால் கணியமும் போயிற்று. ஆழ்கடலுக்குப் போகிறவருக்கு அது போதாது.

ஒரே ஒரு பொத்தான்

ஜி.பி.எஸ். முழு அளவில் வேலை செய்யத் தொடங்கியது 1995-ல். பொது மக்களுக்குக் கிடைத்த செய்தியில் அமெரிக்க ராணுவம் வேண்டும் என்றே கொஞ்சம் பிழையைக் கலந்து அனுப்பியது. அதனால் 100 மீட்டர் வரை தவறு வரும். 2000-ம் ஆண்டு மே மாதம் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் பெட்டி சொல்லும் இடத்தை நம்பித் தூண்டில் போடலாம் என்ற நிலை வந்தது.

பெட்டியோடு ஒரு புத்தகம் வரும். ஆங்கிலப் புத்தகம். அதைப் படித்துப் பெட்டியைப் பழகியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மற்றவர்கள் எப்படிப் பழகினார்கள்? முன்பே பெட்டி வைத்திருந்தவரின் படகில் வேலைக்குப் போனார்கள். பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பிறகு தாங்களே தட்டிப் பார்த்தார்கள்.

முதல் கட்டத்தில் ஒரே ஒரு பொத்தான் தெரிந்தால் போதும். மீன் கிடைத்த இடத்தில் அதை அழுத்தினால், பெட்டி அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். மறுநாள் அம்புக்குறி வழி காட்டும்.

பலர் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். அவர்களுக்கும் மீன் கிடைக்கும். பெட்டி நன்றாக இருக்கும் வரை ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஒரு நாள் அம்பு வேறு பக்கம் காட்டும்!

600 மீட்டர் தவறு

ஒரு படகுக்காரர் வயர்லெஸ்ஸில் இன்னொருவருக்கு இடத்தைச் சொல்கிறார். பெட்டியில் "8 டிகிரி 5.50" என்று தெரிகிறது. கேட்டவர் அதை "8 டிகிரி, 5 நிமிடம், 50 வினாடி" என்று தம் பெட்டியில் போட்டுக்கொள்கிறார்.

போய்ப் பார்த்தால் அங்கே பாரும் இல்லை, மீனும் இல்லை.

ஏன்? முதல் பெட்டி காட்டியது ஐந்தரை நிமிடம். அதாவது 5 நிமிடம் 30 வினாடி. இரண்டாமவர் போட்டது 5 நிமிடம் 50 வினாடி. வித்தியாசம் 20 வினாடி.

இது கடிகாரத்து வினாடி அல்ல. பூமியை அளக்கும் வினாடி. வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்றால் 1,852 மீட்டர். அதுதான் ஒரு கடல் மைல். ஒரு வினாடி என்றால் கிட்டத்தட்ட 31 மீட்டர். ஆக 20 வினாடிக்கு 600 மீட்டருக்கு மேல் தவறு!

இந்த இடத்தில் இரண்டு வகை மனிதர்கள் பிரிகிறார்கள்.

ஒருவர், "பெட்டி கெட்டுப்போச்சு" என்பார். கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார். அல்லது, இடம் சொன்னவர் பொய் சொல்லிவிட்டார் என்று சண்டைக்குப் போவார்.

இன்னொருவர், தமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாருக்குப் போவார். கணியம் பார்த்து அதன் மேல் நிற்பார். பெட்டி என்ன எண் காட்டுகிறது என்று பார்ப்பார். புள்ளிக்குப் பின்னால் இருப்பது வினாடி அல்ல என்று அவருக்கே புலப்படும். பெட்டிக்குள் தேடினால், எந்த முறையில் எண்ணைக் காட்ட வேண்டும் என்று மாற்றுகிற இடமும் அகப்படும்.

இவர் அன்றைக்கு ஒரு படி ஏறிவிட்டார். யாரும் சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை. மாலை போடவில்லை. ஆனால் அடுத்த தடவை வேறு ஒருவருக்கு அம்பு மாறினால், வயர்லெஸ்ஸில் இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கம்ப்யூட்டரைத் தானே கற்றுக்கொள்ளும் கதை முழுவதும் இந்த ஒரு படியில் அடங்கி இருக்கிறது. தவறு வந்தபோது நின்று, தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவர் இருபது வருடம் பொத்தானை அழுத்தினாலும் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருப்பார்.

அடுத்தடுத்த படிகளும் இப்படித்தான். ஐதராபாத்தில் 1999-ல் ஏற்பட்ட கடல் தகவல் மையம், மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. செயற்கைக் கோள் மூலம் கடலின் சூட்டையும் நிறத்தையும் பார்த்துச் சொல்கிறது. மேகம் மறைத்தால் சொல்ல முடியாது. "நீவாடு" என்று மீனவர்கள் சொல்லும் நீரோட்டம் மாறினால், நேற்றுச் சொன்ன இடத்தில் இன்று மீன் இருக்காது. அறிவிப்பை அப்படியே நம்பிப் போகிறவர் டீசலை எரித்துவிட்டு வருவார். நீவாட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறவர் மீனோடு வருவார்.

ஒக்கி கொடுத்த அடி

பொத்தான் மட்டும் தெரிந்தால் என்ன ஆகும் என்பதைவிட, பெட்டியால் எது முடியாது என்று தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது பெரிய கேள்வி. அதற்குப் பதில் 2017 நவம்பர் 30 அன்று வந்தது.

ஒக்கிப் புயல்!

கன்னியாகுமரிக்குத் தெற்கே அது புயலாக மாறியபோது, ஏராளமான படகுகள் ஏற்கனவே நடுக்கடலில் இருந்தன. ஒவ்வொரு படகிலும் இருந்தவர்களுக்குத் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். பெட்டி சொல்லியது.

ஆனால் கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது!

ஏனென்றால் ஜி.பி.எஸ். கேட்கும், பேசாது. வானத்திலிருந்து செய்தியை வாங்கும். இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாது. படகில் இருந்த வயர்லெஸ் சில பத்துக் கிலோ மீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். புயல் எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களுடைய குரல் கரைக்கு வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள், அல்லது காணாமல் போனார்கள். தப்பிய படகுகள் லட்சத்தீவிலும், மராட்டியக் கரையிலும், குஜராத்திலும் போய் ஒதுங்கின. மேலே சொன்ன எட்டு ஊர்களில் அழுகைச் சத்தம் கேட்காத தெரு இல்லை.

இதற்கு மீனவர்களைக் குறை சொன்னால் அது அநியாயம். ஆழ்கடல் வரை எட்டும் கருவியை அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை. புயலுக்குப் பிறகுதான் அந்த வேலை வேகம் பிடித்தது. இந்தியாவின் சொந்தக் கோள்களான "நாவிக்" மூலம் 1,500 கிலோ மீட்டர் தூரம் வரை எச்சரிக்கை அனுப்பும் கருவி வந்தது. படகிலிருந்தும் செய்தி அனுப்பக்கூடிய கருவிகள் பின்னால் வந்தன.

இன்று கருவி வாங்கும் மீனவர் கேட்கிற முதல் கேள்வி, "இது பேசுமா, கேட்க மட்டும் செய்யுமா?" என்பதாக இருக்க வேண்டும். ஒரு கருவியின் எல்லையைக் கேட்கத் தெரிந்தவரைத்தான் நிபுணர் என்று சொல்லலாம்.

வீட்டில் இருக்கும் பெட்டி

இனி கரைக்கு வரலாம்.

நாகர்கோவிலில் எந்தத் தெருவிலும் ஒரு தாயார் பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம்: "எங்க பயலுக்குப் போன்ல தெரியாதது ஒண்ணும் கெடையாது!"

பையனுக்குப் படம் பார்க்கத் தெரியும். பாட்டுக் கேட்கத் தெரியும். பணம் அனுப்பத் தெரியும். விரல் பறக்கும்.

ஆனால் எடுத்த படங்கள் எங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்டால் தெரியாது. போன் உடைந்தால் அவை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டால் தெரியாது. கூட்டல் பட்டியல் ஒன்று போட்டுக் கொடு என்றால் முழிப்பான்.

இது ஒற்றைப் பொத்தான் கட்டம். மீன் கிடைத்த இடத்தைக் குறிக்கத் தெரிந்துகொண்ட முதல் நாள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதை நிபுணத்துவம் என்று நம்புவதுதான் ஆபத்து.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. லட்சக்கணக்கான ஏழை வீடுகளில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது. நல்ல திட்டம். சில பிள்ளைகள் அதை வைத்து மேலே வந்தார்கள். பல வீடுகளில் அது சினிமாப் பெட்டியாகவே இருந்து, பேட்டரி தீர்ந்து, பரணுக்குப் போனது.

இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் ஒரே பெட்டிதான். வித்தியாசம் எங்கே? மீனவருக்கு அந்தப் பெட்டியை வைத்துச் செய்து முடிக்க ஒரு சொந்த வேலை இருந்தது. பரணுக்குப் போன பெட்டிக்கு வேலையே இல்லை.

தோவாளையில் பூக்கடை வைத்திருப்பவரின் மகள், தினசரி வரவு செலவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கட்டும். முதல் வாரம் கூட்டல் தப்பாக வரும். அப்பாவின் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நோட்டுத்தான் அவளுடைய கணியம். எங்கே தப்பு என்று அவளே கண்டுபிடிக்கும் நாளில், ஒரு மாத வகுப்பில் கற்க முடியாததைக் கற்றிருப்பாள்.

"தப்பாக அமுக்கினால் கெட்டுவிடுமே!" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். முக்கியமானவற்றை வேறு ஓர் இடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொண்டால் பயம் தேவையில்லை. நடுக்கடலில் தட்டிப் பார்த்தவர்களுக்கு இருந்த அபாயத்தில் நூறில் ஒரு பங்குகூட நடு வீட்டில் கிடையாது.

அப்படியானால் வகுப்பே வேண்டாமா? நல்ல ஆசிரியர் கிடைத்தால் பாதி வழி மிச்சம். அதை யாரும் மறுக்க முடியாது. தன்னந்தனியாகக் கற்கிறவன் தவறையே சரி என்று பழகிவிடவும் கூடும். மீனவர்களும் தனியாகக் கற்கவில்லை. வயர்லெஸ்ஸில் ஒருவரை ஒருவர் கேட்டார்கள். ஆனால் பணத்தைக் கட்டிச் சர்ட்டிபிகேட்டை வாங்கிச் சுவரில் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கும் வீடுகளுக்கு, அந்தச் சர்ட்டிபிகேட் சுவருக்குத்தான் அழகு.

ரசாயனக்காரர் செய்த எழுத்து

கம்ப்யூட்டரில் இன்று தமிழ் தெரிவதற்குக் காரணமானவர்களிலும் பலர் வேறு தொழில்காரர்களே!

கு. கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் இருந்த ரசாயன விஞ்ஞானி. தமிழ் எழுத்துருச் செய்வது அவர் தொழில் அல்ல. ஆனாலும் "மயிலை" என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று "மதுரைத் திட்டம்" தொடங்கினார். பழந்தமிழ் நூல்களை உலகம் எங்கும் உள்ள தமிழர்கள் தட்டெழுதிச் சேர்த்தார்கள். காசு வாங்காமல் செய்தார்கள்.

இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர். வளைகுடா நாட்டில் வேலை பார்த்தவர். 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தளிர்விட்டபோது அதற்கு அடித்தளம் போட்டவர். தனி மனிதராக ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார்.

இருவருக்கும் சொந்த வேலை ஒன்று இருந்தது. தமிழ் திரையில் வர வேண்டும் என்ற வேலை.

ஆங்கிலம் தெரியாதவர் என்ன செய்வார்? அவர்களுக்காக 2012 ஜனவரியில் ஓர் இலவச மின்னிதழ் தொடங்கியது. த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கினார்கள். விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள்களை எளிய தமிழில் விளக்கும் இதழ். அதில் எழுதிய து. நித்யாவின் பாடங்கள் தனிப் புத்தகங்களாகவும் வந்து இலவசமாகக் கிடைக்கின்றன.

அந்த இதழின் பெயர் என்ன தெரியுமா?

"கணியம்"!

செய்ய வேண்டிய வேலை

படகில் வைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தமிழ்ப் புத்தகம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் கம்பெனிகளை அரசாங்கம் இதற்குக் கட்டாயப்படுத்தினால் ஒரு தவறும் இல்லை. "டிகிரி", "நிமிடம்", "புள்ளி" இவற்றை விளக்க ஒரு பக்கம் போதும். 600 மீட்டர் தவறு அந்த ஒரு பக்கத்தில் தீர்ந்துவிடும்.

ஊர் நூலகங்களில் கம்ப்யூட்டரைப் பூட்டி, மேலே துணி போட்டு மூடி வைப்பதில் அர்த்தம் இல்லை. கை படாத எந்திரம் யாருக்கும் பாடம் சொல்லாது.

இன்னொரு வேலை அவசரமானது. கணியம் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெட்டி வந்த பிறகு இளைஞர்கள் மலையைப் பார்ப்பது இல்லை. உப்புத் தண்ணீர் பட்டுப் பெட்டி அணைந்தால், கரைக்கடலிலேயே தடுமாறும் நிலை வந்துவிடக் கூடாது.

திருவனந்தபுரத்தில் ராபர்ட் பனிப்பிள்ளை, அனுபவப்பட்ட மீனவர்களைக் கூட்டிக்கொண்டு கடலடிப் பார்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார். அதே வேலையை ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை எந்த வீட்டிலும் செய்யலாம். தாத்தா வள்ளத்தின் முனையில் நின்று கோபுரத்தையும் மலையையும் பார்த்து, "இதோ பார்" என்று சொல்ல வேண்டும். பேரன் பெட்டியின் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பாரின் பெயர், எந்தக் கோபுரம், எந்த மலை, என்ன ஆழம், எந்த மாதத்தில் என்ன மீன் என்று வரிசையாக எழுதி, வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலாகப் போட்டு வைக்கலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, பள்ளிக்கூடம் இல்லாத சில சனிக்கிழமைகள் இருந்தால் போதும்.